ஒயர் குட்டை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு
மைக்கில் சொன்னார்கள்:
இருபத்து நான்கு மணி நேரம்.
தொட்டால் பதில் சொல்லும் ஏதாவது ஒன்று.
வெளியே ஓஎம்ஆர் தாரின் மேல்
வெயில் ஏறி உட்கார்ந்திருந்தது.
உள்ளே ஏசி பதினெட்டில்.
நாற்பத்தொரு குழுக்கள். எங்கள் வரிசைக்கு
ஒரே ஒரு சால்டரிங் அயர்ன்.

பக்கத்து மேசையில் சிரித்தால் சிரிக்கும் கண்ணாடி.
அதற்கடுத்து, கையசைத்தால் பறக்கும் கிளிகள்.
நாங்கள் குடம் என்றோம்.
குடமா, என்றான் பெயர் எழுதுகிறவன்.

ஏழு பிளாஸ்டிக் குடம், ஏழிலும் தண்ணீர்,
விரலை நனைத்தால் ஆளுக்கொரு சத்தம்:
லாரி ரிவர்ஸ் எடுப்பது,
ஹோஸ் பைப் உதறுவது,
"வரிசையில வாங்க" என்கிற தொண்டை,
எட்டு மாடி ஏறும் செருப்பு,
அது நாலாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவது.
எல்லாம் பெரும்பாக்கத்தில், எங்கள் பிளாக்கில்,
என் போனில் பிடித்தவை.
குடங்களும் அங்கே இரவல் வாங்கியவைதான்.
ஊதா, மெகருன்னிசா அக்காவுடையது.
பச்சையில் நெயில் பாலிஷால் ஸ்டெல்லா என்றிருக்கும்.
லாரி திங்கட்கிழமைதானே, அதற்குள் தந்துவிடுவேன் என்று
வீடு வீடாகச் சொல்லியிருந்தேன்.

இரவு இரண்டரைக்கு
என் ஃபைலின் மேல் தன் ஃபைலைச் சேமித்தாள் ஜெர்லின்.
ஆறு மணி நேரம் போயிற்று.
நான் ஒரு வார்த்தை சொன்னேன்.
அவள் அதைவிடச் சின்ன வார்த்தை ஒன்று சொன்னாள்.
பிறகு இருவரும் சுஹைல் வழியாகப் பேசினோம்.
"ரெசிஸ்டர் இருக்கான்னு கேளு."
"இல்லன்னு சொல்லு."
பாதித் தூக்கத்தில் அவன்
கேள்வியை அவளிடமும் பதிலை அவளிடமும் சொன்னான்.

நாலு மணிக்கு எல்லாம் ஒட்டியாயிற்று.
ஒரு முனை குடத்துக்குள்,
மறு முனை மெஸ் ஸ்பூனில்.
ஸ்பூனைப் பிடித்தபடி விரலை நனைக்க வேண்டும்.
ஆனால் ஒயர் குட்டை.
ஸ்பூன் மேசையின் அந்தக் கோடியில்
குடங்கள் இந்தக் கோடியில்.
எக்கினாலும் ஓராளுக்கு எட்டாது.
ரிச்சி தெரு ஞாயிறு லீவு.
சுஹைல் மூன்று நாற்காலியில் நீளமாகிவிட்டான்.

ஜெர்லின் ஸ்பூனை எடுத்தாள்.
என்னைப் பார்க்காமல் இன்னொரு கையை
பஸ்ஸில் சில்லறை பாஸ் பண்ணுவதுபோல நீட்டினாள்.
பிடித்தேன். நனைத்தேன்.
ஊதாக் குடத்திலிருந்து
லாரி பின்னால் வந்தது.

அடுத்தது, என்றாள். என்னிடமேதான்.

ஐந்தே காலுக்கு அம்மா போன்:
"லாரி இன்னிக்கே வருதாம்டி,
எல்லாரும் குடம் கேட்டு வாசல்ல நிக்கறாங்க."

ஏழையும் பாத்ரூமில் கவிழ்த்தோம்.
உள்ளே வந்த பொருள் வெளியே போக
லெட்டர் வேண்டும் என்றார் செக்யூரிட்டி.
குடத்துக்கா அண்ணா, என்றாள் ஜெர்லின்.
ஷேர் ஆட்டோக்காரர் குடங்களுக்கும்
ஒரு சீட் காசு வாங்கினார்.
லாரிக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.
ஸ்டெல்லா தன் குடத்தை முகர்ந்து பார்த்து
என்னடி, கருகின வாசனை, என்றாள்.

பத்து மணிக்கு மேசையில்
ஏழு மெஸ் டம்ளர்கள்.
நடுவர்கள் இரண்டு பேர்; காலையில்தான்
ஒருவருக்கொருவர் கார்டு கொடுத்துக்கொண்டவர்கள்.
"ஒரே ஆளா யூஸ் பண்ண முடியாதா?"
"முடியாது சார்."
"ஏன்? என்ன கான்செப்ட்?"
ஜெர்லின் என்னைப் பார்த்தாள்.
முன்தினம் எழுதிய ஸ்லைடில்
சமூகம் என்ற சொல் நாலு முறை இருந்தது.
"ஒயர் குட்டை சார்," என்றேன்.

சிரித்தார்கள். அந்தம்மா ஸ்பூனைப் பிடித்தார்.
அவர் கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டு
அந்தம்மாவின் இரண்டு விரலை மட்டும் தொட்டார்.
அதுவே போதுமாயிருந்தது.
ஏழாவது டம்ளரில் மூச்சு வாங்கியது.
யாரோடது இது, என்று கேட்டார்.
என்னோடது என்று சொல்லவில்லை.
போனில் மைக் நல்லா இருக்கு சார், என்றேன்.

பரிசு கிளிகளுக்கு.
எங்களுக்கு எக்ஸ்எல் டீ-ஷர்ட்டும்
ஜெர்லின் பெயரில் ஓர் எழுத்து குறைந்த சான்றிதழும்.

ஸ்பூன் இன்னும் என் பையில் கிடக்கிறது.
மெஸ்ஸில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
ஒயரை வெட்டிவிட்டுக் கொடு என்கிறான் சுஹைல்.
பார்க்கலாம்.